மஞ்சள் துணி கட்டிய சேவல்

“கையை எடுங்கோ பிள்ளை. அது முருகன்ரை.”

ஷெரோன் கையை எடுக்கவில்லை. எடுக்க மறந்துபோனாள். சேவலின் வாலுக்கும் அவளுடைய விரல்களுக்கும் இடையில் ஒரு சாண் தூரம்தான் இருந்தது. பின்னால் நின்று பேசியவர் செல்வரட்ணம். தெருவிலிருந்து ஒழுங்கை பிரியும் முகப்பில் இருக்கும் சின்ன முருகன் கோயிலைப் பார்த்துக்கொள்பவர். காலையும் மாலையும் பூசையும் அவர்தான். அதைவிட முக்கியம், ஷெரோன் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர்.

சேவல் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டது. ஒரு துள்ளல். கோயில் வேம்பின் தாழ்ந்த கொப்பில் ஏறி உட்கார்ந்து, கழுத்தைச் சரித்து இருவரையும் பார்த்தது. அதன் வலது காலில் மஞ்சள் துணி.

“முருகன்ரையோ?” என்றாள் ஷெரோன்.

“ஓம். ஆரோ நேர்ந்து விட்டிருக்கினம். காலிலை பாக்கேல்லையே, மஞ்சள் முடிஞ்சிருக்கு. நீங்கள் வேதக்காரர், உங்களுக்குத் தெரியாதுதானே. பிழை இல்லை.”

ஷெரோனுக்கு அந்தத் துணியை நன்றாகத் தெரியும். அது அவளுடைய பழைய தலையணை உறை.

சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் செல்வரட்ணம் கண்ணை மூடி, வேம்பை நோக்கிக் கைகூப்பிவிட்டார். கும்பிடுகிற மனிதரிடம் ‘நீங்கள் கும்பிடுவது என் வீட்டுக் கோழி’ என்று எப்படிச் சொல்வது? கையிலிருந்த கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்று வியாழக்கிழமை. ஞாயிறு அந்தோனியார் திருநாள். அந்தச் சேவல் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக் கோயிலில் இருந்தாக வேண்டும்.

*

கந்தர்மடத்தின் அந்தக் குறுக்கு ஒழுங்கையில் மனிதர்களுக்கு மதில் உண்டு, இரும்புக் கேற் உண்டு, சில வீடுகளுக்குக் கமராவும் உண்டு. கோழிகளுக்கு எதுவும் இல்லை. விடிந்ததும் எல்லா வீட்டுக் கோழிகளும் கேற்றின் கீழால் நுழைந்து ஒழுங்கைக்கு வந்துவிடும். வாய்க்காலைக் கிளறும். நிறுத்திவைத்த கார்களுக்குக் கீழே வெயிலுக்கு ஒதுங்கும். மோட்டார்சைக்கிள்காரர் ஹோர்ன் அடித்தால் ஒரு கோழி ஒதுங்கும், மற்றது எதிர்ப்பக்கமாக ஓடிவந்து சில்லுக்கு முன்னால் நிற்கும். தனோஜன் மாஸ்டரின் டியூசன் கொட்டிலில் கடைசி வாங்கு ஒரு வெள்ளைப் பேட்டுக்கோழிக்குச் சொந்தம். அது முட்டையிட்டு முடியும் வரை அந்த வாங்கில் ஒருவரும் இருக்க முடியாது.

எந்தக் கோழி எந்த வீடு என்று அறிய ஒரு வழி வைத்திருந்தார்கள். காலில் துணி. சிவப்பு, சிவக்கொழுந்து அன்ரி வீட்டுக்கு. பச்சை, தனோஜன் மாஸ்டர் வீட்டுக்கு. நீலம், ஒழுங்கைத் தொங்கலில் இருக்கும் கடைசி வீட்டுக்கு. அடுத்த வீட்டு வளவுக்குள் கோழி முட்டையிட்டாலும், துணியின் நிறத்தைப் பார்த்து முட்டை வீடு திரும்பிவிடும். திரும்பாத நாட்களில் சண்டை வரும். ஆனால் அது வேறு கதை.

தை மாதத்தில் குடிவந்த ஷெரோன் இதையெல்லாம் கேற்றுக்கு உள்ளே நின்றே பார்த்துப் படித்துக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. புது இடம், கூச்சம். அவளிடம் இருந்தது ஒரேயொரு குஞ்சு. மிஞ்சியிருந்த நிறங்களில் கைக்கு எட்டியது மஞ்சள். தலையணை உறையில் ஒரு கீலம் கிழித்துக் கட்டினாள். கால் பருக்கப் பருக்க அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

அந்த ஒழுங்கைச் சனத்துக்கு மஞ்சள் வேறு பொருள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப் படத்தடியில் வைக்கிற சனம். முருகன் கோயில் வாசலில், காலில் மஞ்சள் முடிந்த ஒரு சேவல் வந்து நின்றால் என்ன நினைப்பார்கள்?

ஷெரோனின் வாடகை வீட்டு முற்றம் முழுக்கச் சீமெந்து. கிளறுவதற்கு ஒரு பிடி மண் இல்லை. சேவல் விடிய ஒருமுறை வந்து அவள் கையில் சோறு தின்னும். பிறகு போய்விடும். அவள் புடவைக்கடை வேலைக்குப் போனால் திரும்ப இருட்டிவிடும். இடைப்பட்ட நேரத்தில் அது கோயில் வேம்பைக் கண்டுபிடித்தது. பூசை மணி நின்றதும் செல்வரட்ணம் வாசலில் ஒரு கை பொங்கல் எறிவார் என்பதையும் கண்டுபிடித்தது. மணி அடித்தால் ஓடிவரும். வந்து ஒரு கூவல்.

“மணிக்குக் கூவுது பாத்தியளோ” என்றாள் சிவக்கொழுந்து. அவ்வளவு போதும். ஒழுங்கையில் அவளுடைய பேச்சுக்குத் தந்திக் கம்பி தேவையில்லை. அவள் காயப்போட்ட மிளகாயை அது கொத்தவில்லை என்பது முதல் அற்புதம். அதைத் துரத்திய நாய் நொண்டியது இரண்டாவது. சித்திரைக்குள் சேவலுக்கு ‘வேலன்’ என்று பேரும் வைத்தாயிற்று.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது சேவலின் சொந்தக்காரி கடையில் சீலை மடித்துக்கொண்டிருந்தாள்.

*

“அப்ப விடும்” என்றான் ஜெயசுதன்.

ஷெரோனின் புருஷன். குசினி வாசலில் கதிரையைப் போட்டு, தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தான். பட்டணத்து இரும்புக்கடையில் ஆணி நிறுக்கிற வேலை. மார்கழி வரைக்கும் கடலில் நின்றவன்.

“என்னத்தை விடுறது?”

“சேவலை. அவையள் முருகன்ரை எண்டினம். நாங்கள் புதுச் சனம். வீட்டுக்காரரோடை கொழுவலாமே? சந்தையிலை வேறை சேவல் வாங்கிக் குடுப்பம். அந்தோனியார் என்ன, காலைத் தூக்கிப் பாப்பாரோ?”

“நான் நேர்ந்தது இதை.”

“சேவல் சேவல்தானே.”

“இஞ்சை பாருங்கோ” என்று அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள் ஷெரோன். “சந்தையிலை வாங்கிற எண்ணமெண்டால் அண்டைக்கே அப்பிடிச் சொல்லியிருப்பன். அப்பாவின்ரை முற்றத்திலை நிண்ட குஞ்சைத் தூக்கிக் காட்டி, இதை என்ரை கையாலை வளர்த்துத் தாறன், என்ரை மனிசனைத் தா எண்டனான். அவர் தந்திட்டார். இப்ப நான் வேறை ஒண்டைக் குடுத்தால் அது கடைக்காரர் செய்யிற வேலை.”

“வளர்த்தது நீரோ? செல்வரட்ணம் ஐயாவின்ரை பொங்கலெல்லோ வளர்த்தது.”

பகிடிதான். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

மார்கழியில், வாடைக் காற்றில், ஜெயசுதன் போன வள்ளத்தின் எஞ்சின் நின்றுபோனது. மூன்று இரவு. நான்காம் நாள் வேறொரு வள்ளம் கட்டி இழுத்துவந்தது. கரையில் இறங்கிய ஜெயசுதன் யாரோடும் கதைக்கவில்லை. ஒரு கிழமை கழித்து, “கடல் சத்தம் கேக்காத வீடு ஒண்டு பாப்பம்” என்றான். அப்படித்தான் குருநகரிலிருந்து கந்தர்மடம்.

வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அருட்செல்வன் நல்ல மனிதர். அவனுடைய இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. மாதத்துக்கு ஒருமுறை போன் எடுப்பார். ஒவ்வொரு முறையும் ஜெயசுதன் ஒரே பதில் சொல்வான்: “நேர்த்தி குடுக்காமல் கடல்லை கால் வைக்கப்படாது அண்ணை. திருநாள் முடியட்டும்.”

கடைசியாகப் போன கிழமை எடுத்தபோது சம்மாட்டி தெளிவாகச் சொல்லிவிட்டார். திருநாள் முடிந்து மறுநாள் வரவேண்டும். வராவிட்டால் வேறு ஆள்.

ஷெரோனுக்கு அவன் உழைக்கவில்லை என்ற குறை இல்லை. இரும்புக்கடைச் சம்பளத்தில் வீடு நடந்தது. அவன் அவனாக இல்லை என்பதுதான் குறை. விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குள் வருகிறவன், இப்போது யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் நுழைவதுபோல வருகிறான். கால் கழுவி, கதிரையில் இருந்து, சுவரைப் பார்க்கிறான். திருநாளோடு அது முடிந்துவிடும் என்று அவள் நம்பியிருந்தாள். சேவலைக் கொடுத்தால் அவன் கடலுக்குப் போவான். கடலுக்குப் போனால் அவளுடைய ஜெயசுதன் திரும்பி வருவான்.

இடையில் ஒரு வேப்பமரம் நின்றது.

*

வெள்ளி விடியல். ஷெரோன் கையில் சோற்றோடு கேற்றடியில் நின்றாள்.

“பா... பா... பா...”

மெதுவாகத்தான் கூப்பிட்டாள். வேம்பிலிருந்து சேவல் இறங்கியது. வழியில் வேறெங்கும் நிற்காமல் நேரே அவளிடம் ஓடிவந்தது. உள்ளங்கையில் கொத்தத் தொடங்கியது. அவள் மறுகையால் அதன் கழுத்தைத் தடவி, மெல்ல முதுகுக்கு இறக்கி, செட்டையைச் சேர்த்து அமத்தப் போனாள்.

எதிர்வீட்டுக் கேற் கிறீச்சிட்டது.

சேவல் பறந்தது. சோறு சிந்தியது. எதிரே விளக்குமாறும் கையுமாகச் சிவக்கொழுந்து.

“என்ன பிள்ளை, விடியக் காலமை வேலனோடை கதை?”

“சோறு மிஞ்சிப்போச்சு அன்ரி.”

“உம்மட்டை ஓடி வருது. என்னட்டை ஒரு நாளும் வராது.” சிவக்கொழுந்தின் கண்கள் சிந்திய சோற்றிலிருந்து கூடைக்குப் போயின. கூடை ஷெரோனின் காலடியில் மல்லாந்து கிடந்தது. “உந்தக் கூடை என்னத்துக்கு?”

ஷெரோன் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சிவக்கொழுந்துக்குப் பதில் தேவையும் இல்லை.

எட்டு மணிக்குப் பாண்காரனின் ஓட்டோ வந்தபோது ஒழுங்கைக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

“உள்ளங்கையிலை வைச்சுத் தீத்துறா. கழுத்தைத் தடவுறா” என்றாள் சிவக்கொழுந்து. “கறிக்குப் பாக்கிற தடவல் எனக்குத் தெரியாதே?”

“அன்ரி, நீங்கள் மரக்கறிக்காரர். உங்களுக்கெப்பிடித் தெரியும்?” என்று கேட்டார் தனோஜன் மாஸ்டர்.

“நான் முட்டையும்தான் தின்னுறேல்லை. அதுக்காகக் கோழி வளர்க்கத் தெரியாதோ?”

மாஸ்டர் பாணை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சிவக்கொழுந்தோடு கதைத்து வென்றவர்கள் அந்த ஒழுங்கையில் இல்லை.

*

பின்னேரம் பூசை முடிந்து, நெற்றியில் திருநீறு காயாமல் செல்வரட்ணம் வந்தார். துணைக்குச் சிவக்கொழுந்து. ஜெயசுதன் எழும்பிக் கதிரையை நகர்த்திக் கொடுத்தான். செல்வரட்ணம் இருக்கவில்லை.

“தம்பி, நான் சுத்தி வளைச்சுக் கதைக்கிற ஆளில்லை. உங்கடை சமயம் உங்களுக்கு. வீட்டுக்குள்ளை நீங்கள் என்ன சமைச்சாலும் நான் கேட்டதுண்டோ?”

“இல்லை ஐயா.”

“ஆனால் கோயில் சேவல் கோயில் சேவல்தான். அதுக்கு ஆரும் கூடை வைக்கப்படாது. நாளைக்கு ஒரு கதை வந்தால் எனக்கும் மரியாதை இல்லை, உங்களுக்கும் மரியாதை இல்லை.”

ஷெரோன் வாய் திறக்குமுன் ஜெயசுதன் முந்திக்கொண்டான். “விளங்குது ஐயா. இனித் தொடமாட்டம். அது கோயில்லையே நிக்கட்டும்.”

அவன் அதைச் சொன்ன விதம். ஷெரோன் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

ஆறு மாதத்தில் அந்த முகத்தில் அவள் பார்க்காத ஒன்று அதில் இருந்தது. நிம்மதி.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சேவல் பிடிபடக்கூடாது என்று இந்த வீட்டிலேயே ஒருவன் வேண்டிக்கொண்டிருக்கிறான். நேர்த்தி கொடுக்காதவரை கடலில் கால் வைக்க வேண்டியதில்லை. முருகன் சேவலை வைத்துக்கொண்டால் அவனுக்கு நல்லது. செல்வரட்ணத்தைவிட அவனுக்குத்தான் அந்த வேம்பு பெரிய காவல்.

“ஐயா, இருங்கோ” என்றாள் ஷெரோன். “அந்தச் சேவல் நான் நேர்ந்தது.”

செல்வரட்ணம் அவளைப் பார்த்தார். “நீங்களோ? முருகனுக்கோ?”

“அந்தோனியாருக்கு.”

சிவக்கொழுந்து சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஷெரோன் உள்ளே போய்த் தலையணை உறையை எடுத்துவந்து விரித்தாள். ஓரத்தில் கீலம் கீலமாகக் கிழித்த அடையாளம். “வளர வளர மாத்திக் கட்டினனான். மஞ்சள் உங்களுக்கு இப்பிடியெண்டு எனக்குத் தெரியாது. மற்ற நிறமெல்லாம் ஆக்கள் எடுத்திட்டினம்.”

“அதுதானே” என்றாள் சிவக்கொழுந்து. “நான் அப்பவே யோசிச்சனான், முருகன்ரை கோழிக்கு ஆர் பொலியெஸ்ரர் துணி கட்டினதெண்டு.”

யாரும் அவளை நம்பவில்லை.

“எப்ப நேர்ந்தனீங்கள்?” என்று கேட்டார் செல்வரட்ணம். குரல் தணிந்திருந்தது.

ஷெரோன் சொன்னாள். மார்கழி, எஞ்சின், குஞ்சு, மூன்று இரவு. நீளமாகச் சொல்லவில்லை. அவள் சொல்லி முடிக்கும் வரை ஜெயசுதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்வரட்ணம் இப்போது கதிரையில் இருந்தார்.

“கடல்லை நிண்ட மனிசனுக்காக நேர்ந்ததோ” என்றார். “பிள்ளை, நேர்த்தியை மறிக்கிறது எங்கடை வழக்கமில்லை. ஆருக்கு நேர்ந்தாலும் நேர்ந்ததுதான். அதைக் குடுக்காமல் வைச்சிருக்கிற வீட்டுக்கு நான் வாடகையும் வாங்கமாட்டன். பிடிச்சுக் கொண்டுபோய்க் குடுங்கோ.”

“ஐயா” என்று ஜெயசுதன் ஏதோ சொல்லத் தொடங்கினான்.

“நீர் ஒண்டும் சொல்லாதையும் தம்பி. இது உம்மடை உயிருக்கு வைச்சது.” எழும்பியவர் வாசலில் நின்றார். “கேக்கிறனெண்டு நினைக்காதேங்கோ. அங்கை குடுத்தால், பேந்து அதை என்ன செய்வினம்?”

“ஏலம் விடுவினம் ஐயா. கோயில் செலவுக்கு.”

“ஏலத்திலை எடுக்கிறவை?”

செல்வரட்ணம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்பைத் தேடி இருட்டில் காலால் துழாவிவிட்டு, போட்டுக்கொள்ளாமலே கையில் எடுத்துக்கொண்டு போனார்.

*

சனிக்கிழமை அந்தச் சேவலுக்கு ஏதோ தெரிந்துவிட்டது.

ஷெரோன் கூப்பிட்டாள். வரவில்லை. வருமா? ஒழுங்கை முழுக்க அதைப் பார்க்கத்தான் நின்றது. பச்சைக் காலும் நீலக் காலும் சிவப்புக் காலும் திசைக்கொன்றாகச் சிதறின. மஞ்சள் கால் மட்டும் ஒவ்வொரு கைக்கும் ஒரு சாண் முந்தியது. காருக்குக் கீழே போனது. தனோஜன் மாஸ்டர் குனிந்தார், மறுபக்கத்தால் வந்தது. மதிலில் ஏறியது. டியூசன் கொட்டிலின் தகரத்தில் ஓடிய சத்தத்துக்கு உள்ளே படித்துக்கொண்டிருந்தவர்கள் கணக்கை விட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

“இஞ்சாலை மறியுங்கோ.”

“மாஸ்டர், அங்காலை, அங்காலை.”

“ஐயா, நீங்கள் ஏன் சும்மா நிக்கிறியள்?”

“நான் கோழி தொட்டதில்லை” என்றார் செல்வரட்ணம், கைகளைப் பின்னால் கட்டியபடி. “வாயாலை வேணுமெண்டால் துரத்துறன்.”

வெயில் ஏறியது. சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசியது. சிவக்கொழுந்து தண்ணீர்ப் போத்தலோடு மதில் நிழலில் குந்திவிட்டாள். ஜெயசுதன் தன் மோட்டார்சைக்கிளில் சாய்ந்து, கைகட்டி நின்றான். அவன் நின்ற இடத்தால் சேவல் இரண்டு தரம் ஓடியிருந்தது.

ஷெரோன் அவனிடம் வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

“இண்டைக்குப் பிடிபடாதப்பா” என்றான். “மிரண்டு போச்சு. அடுத்த திருநாளுக்குப் பாப்பம்.”

“உங்கடை காலுக்குள்ளாலைதான் போனது.”

“நான் காணேல்லை.”

“கண்டனீங்கள்.” யாருக்கும் கேட்காதபடி சொன்னாள். “பயமெண்டால் பயமெண்டு சொல்லுங்கோ. நான் சம்மாட்டிக்குப் போன் எடுத்து, அவர் வரமாட்டாரெண்டு சொல்லுறன். ஆணியை நிறுப்பம். சீவிப்பம். எனக்கு அது ஒண்டும் வெக்கமில்லை. ஆனால் அந்தோனியாரைச் சாட்டாதேங்கோ. சேவலைச் சாட்டாதேங்கோ.”

ஜெயசுதன் அவளைப் பார்க்கவில்லை. ஒழுங்கையைப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் போய்விட்டான்.

போய்விட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஷெரோனும்.

திரும்பி வந்தபோது அவன் தோளில் ஒரு உரப்பை. அவிழ்த்து உதறினான். உள்ளே வீச்சுவலை. ஆழமில்லாத களங்கடலில் இறாலுக்கு வீசுகிற வலை, ஓரமெல்லாம் ஈயக்குண்டு. குருநகரிலிருந்து வந்த நாளிலிருந்து குசினிப் பரணில் கிடந்தது. அவன் அதை எறிந்துவிட்டான் என்று ஷெரோன் நினைத்திருந்தாள்.

“மாஸ்டர், எல்லாரையும் மதிலோடை ஒதுங்கச் சொல்லுங்கோ” என்றான். “ஒருத்தரும் துரத்தாதேங்கோ. சத்தம் போடாதேங்கோ. அது தன்பாட்டிலை நடக்கட்டும்.”

ஒழுங்கை அடங்கியது. சேவல் டியூசன் தகரத்திலிருந்து இறங்கியது. ஒரு பேடு கிளறிய இடத்தைப் போய்ப் பார்த்தது. கழுத்தை நீட்டி, சுருக்கி, நடு ஒழுங்கைக்கு வந்தது.

ஜெயசுதன் வலையின் கயிற்றை மணிக்கட்டில் கட்டினான். ஒரு மடிப்பு முழங்கையில். ஓரத்தை எடுத்துப் பல்லில் கடித்தான். மிச்சத்தை வலக்கையில் பிரித்துப் பிடித்தான். செருப்பைக் கழற்றிவிட்டான். தார் சுட்டிருக்க வேண்டும், அவன் அசையவில்லை. இடுப்பு ஒரு பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். அவனுடைய தாடை நடுங்குவது ஷெரோனுக்குத் தெரிந்தது.

பிறகு இடுப்பு மறுபக்கம் வந்தது.

வலை ஒழுங்கையின் மேல் வட்டமாக விரிந்தது. அவ்வளவு பெரிய வட்டம் அந்த ஒழுங்கை பார்த்ததில்லை. வெயிலில் ஒரு கணம் நின்று, ஈயக்குண்டுகள் தாரில் சலசலவென்று விழுந்தன. நடுவில் சேவல். ஓடவும் இல்லை, பறக்கவும் இல்லை. தலைக்கு மேல் என்ன நடந்தது என்று அதற்கு விளங்கவில்லை.

“அட” என்றார் செல்வரட்ணம்.

ஜெயசுதன் குந்தி, நகத்திலும் செட்டையிலும் சிக்கிய வலைக்கண்களை ஒவ்வொன்றாக எடுத்தான். ஒரு சிறகும் முறியவில்லை. சேவலைத் தூக்கி ஷெரோனிடம் கொடுத்துவிட்டு வலையைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தான்.

“காய்ஞ்சு போச்சு” என்றான். “ஒருக்கா உப்புத் தண்ணியிலை போட்டெடுக்கோணும்.”

*

கடற்கரை அந்தோனியார் கோயிலில் பூசை முடிந்தது. ஷெரோன் சேவலைப் பீடத்தில் நின்ற அந்தோனியார் சுருவத்தின் காலடிக்குக் கொண்டுபோய், அதன் தலையைத் தாழ்த்தி, தானும் தாழ்த்தினாள். பொறுப்பாக நின்றவர் வாங்கிக்கொண்டார். நேர்த்தி முடிந்தது.

வெளியே மணலில் ஏலம் தொடங்கியிருந்தது. தென்னங்கன்று, கேக், ஒரு மறி ஆடு, காலைக் கட்டிய சேவல்கள். மைக் பிடித்த பெடியன் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினான்.

“வாரும் போவம்” என்றான் ஜெயசுதன்.

“கொஞ்சம் நில்லுங்கோ.”

மஞ்சள் துணிக் கால் மேலே வந்தது. முதல் ஆளாகச் சாப்பாட்டுக்கடைக்காரர் ஒருவர் கேட்டார். சேவலுக்கு நல்ல உடம்பு. அதன் தொடையைத் தூரத்திலிருந்தே கண்ணால் நிறுத்தார்.

“அதுக்கு மேலை ஒரு நூறு” என்றது பின்னால் ஒரு குரல்.

ஷெரோன் திரும்பினாள். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. செல்வரட்ணம் மணலில் செருப்புப் புதைய நின்றுகொண்டிருந்தார். அவளைக் காணாதவர்போல நேரே பார்த்தார்.

கடைக்காரர் ஏற்றினார். செல்வரட்ணம் ஏற்றினார். அந்தப் பக்கம், குடை நிழலிலிருந்து ஒரு பெண்குரல் அதற்கும் மேல் ஏற்றியது. செல்வரட்ணம் விடவில்லை. குடையும் விடவில்லை. கடைக்காரர் எப்போதோ கைகட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தார்.

“ஐயா, கொஞ்சம் பொறுங்கோ” என்றான் மைக் பெடியன். “அம்மா, அந்தக் குடையை ஒருக்கா உயர்த்துங்கோ. ரெண்டு பேரும் ஆளையாள் பாருங்கோ. ஒரே இடத்தாக்கள் மாதிரிக் கிடக்கு.”

குடை உயர்ந்தது. சிவக்கொழுந்து.

“நீரோ?” என்றார் செல்வரட்ணம்.

“நீங்கள் காணி அலுவலாக் கச்சேரியடிக்குப் போறனெண்டல்லோ சொன்னியள்.”

“ஞாயிற்றுக்கிழமை கச்சேரி பூட்டு. அதுகூட யோசிக்கேல்லையே நீர்?”

கூட்டம் சிரித்தது. பெடியன் மூன்று தரம் சொல்லி, இருவர் பேரிலும் சேர்த்து ஏலத்தை முடித்துவிட்டான். சிரிப்பு அடங்குமுன், வள்ளங்கள் பக்கமிருந்து அருட்செல்வன் சம்மாட்டி நடந்து வந்தார்.

“ஜெயசுதன், முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது அண்ணை.”

“அப்ப?”

ஜெயசுதன் கடலைப் பார்த்தான். சோளகத்துக்கு நுரை கட்டிக் கிடந்தது.

“எஞ்சினைக் கழட்டிப் பாத்தனீங்களோ?”

“புது எஞ்சினடா.”

“புதுசெண்டாலும் நான் ஒருக்காப் பாக்கோணும். நாளைக்கு மத்தியானம் வாறன். பாத்திட்டுப் பின்னேரம் இறக்குவம்.”

சம்மாட்டி அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். ஜெயசுதனின் உதடு குவிந்தது. விசில் வரவில்லை. ஆனால் குவிந்தது.

ஷெரோன் ஆறு மாதமாகக் கேட்டது இதைத்தான். நெஞ்சு லேசாக வேண்டும். ஆகவில்லை. கேட்டதை வாங்கி, வாங்கியதற்குக் கொடுத்தும் ஆயிற்று. நாளைப் பின்னேரத்துக்குக் கையில் ஒன்றும் இல்லை. அவன் போவான். அவள் கரையில் நிற்பாள். மறுபடி முதலிலிருந்து.

“பிள்ளை, இதை எப்பிடிப் பிடிக்கிறது?”

செல்வரட்ணம் சேவலை உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, எரிகிற சட்டியைப்போல ஏந்திக்கொண்டு நின்றார். ஷெரோன் அவர் கையைப் பிடித்துச் செட்டையின் மேல் வைத்தாள்.

“இதை அமத்துங்கோ. கழுத்தை விடுங்கோ. பாரம் உங்கடை நெஞ்சிலை இருக்கட்டும்.”

அவர் அப்படியே செய்தார். சேவல் அடங்கியது. அவர் கொஞ்சம் வியந்துபோனார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நாளைக்கு எத்தினை மணிக்கு இறங்கினம்?”

“அஞ்சு மணி போல எண்டினம் ஐயா.”

“நான் பூசைக்கு மணி அடிக்கிற நேரம்தான். தம்பியின்ரை பேரிலை ஒரு அருச்சனை செய்து விடுறன். நட்சத்திரம் என்ன?”

“எங்களுக்கு நட்சத்திரம் பாக்கிறேல்லை ஐயா.”

“பிறந்த திகதியையும் நேரத்தையும் சொல்லுங்கோ. பஞ்சாங்கம் கிடக்கு, நான் எடுக்கிறன்.”

திகதி ஷெரோனுக்குத் தெரியும், சொன்னாள். நேரம் தெரியாது. அவள் திரும்பிப் பார்த்தபோது ஜெயசுதன் பக்கத்தில்தான் நின்றான்.

“விடியப்புறம் எண்டு அம்மா சொல்லுறவ” என்றான். “வள்ளங்கள் கரைக்கு வாற நேரம்.”